பொனற்றில் படுத்த பூனை

எங்கள் வீட்டில் ஒரு பிக்கப் வாங்கப் போகிறோம் என்ற கதை எழும்பியபோது, அதைப் பற்றி அபிப்பிராயம் சொல்லாதவர்கள் இரண்டே பேர்தான். ஒருவன் என் தம்பி. அவனுக்கு மூன்று வயது. மற்றது அம்மா. அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில், கடற்கரையோடு எங்கள் வீடு. இந்திய ஆமி மூட்டை கட்டிக்கொண்டிருந்த மார்கழி அது. நான் பத்து வயதுப் பெட்டை. பெரியப்பாவுக்கு ஒரு மெசின் வள்ளம் இருந்தது. அப்பா கடலுக்குப் போவதை விட்டு, பெரியப்பாவின் வள்ளத்து மீனையும் இன்னும் நாலைந்து பேரின் மீனையும் கரையில் வாங்கி, யாழ்ப்பாணம் சந்தைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. வாடகை லொறிக்காரன் மனம் வைத்தால் மீன் போகும், வைக்காவிட்டால் கரையில் கிடக்கும். அவ்வளவுதான்.

அவன் மனம் வைக்காத ஒரு நாள் மூன்று பெட்டி விளைமீன் ஐஸ் கரைந்து, கண் மங்கி, கடைசியில் கருவாட்டுக்குப் போனது. அன்று மத்தியானம் அப்பா சோற்றுக் கோப்பைக்கு முன்னால் இருந்து சபதம் எடுத்தார்.

"இனி ஒருத்தன்ரை லொறியை நம்பி றோட்டைப் பாத்துக்கொண்டு நிக்கிற வேலை இல்லை. கடன்பட்டெண்டாலும் நாங்களே ஒண்டை வாங்குவம்."

அம்மா இன்னுமொரு அகப்பை சோறு போட்டாள். அதுதான் அவளுடைய மறுமொழி.

வாகனம் பார்க்கிற பொறுப்பு இயல்பாகவே பெரியப்பாவின் கைக்குப் போனது. டீசல் இஞ்சின் என்றால் எங்கள் கரையில் அவர்தான் கடைசிச் சொல். முப்பது வருஷம் வள்ளத்து இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து அவருடைய வலது காது சுத்தமாகப் போய்விட்டது. மிச்சம் இருந்த இடது காதைப் பற்றி அவருக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது. நீளமான ஸ்குறூ டிறைவர் ஒன்று வைத்திருந்தார். அதன் நுனியை இஞ்சினில் ஊன்றி, பிடியை அந்தக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பூசை நேரத்தில்கூட அவர் முகத்தில் அவ்வளவு பக்தியை நான் கண்டதில்லை.

"நடுக்கடலிலை நிண்டுட்டால் துலைஞ்சம். ஓடுற இஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கவேணும். அதுதான் இஞ்சின். மற்றதெல்லாம் பூச்சு" என்பார்.

பெரியப்பா சொன்னால் அப்பாவுக்கு வேதவாக்கு. ஆனாலும் அப்பாவுக்கென்று ஒரு கணக்கு இருந்தது. எந்த விலையைக் கேட்டாலும் அதை மீனாக மாற்றினால்தான் அவருக்கு விளங்கும். ஆயிரம் ரூபாய் என்றால் இத்தனை பெட்டி சூடை. பள்ளிக்கூடச் சப்பாத்து என்றால் நாலு நல்ல பாரை. எனக்குச் சப்பாத்து வாங்கும்போது அந்த நாலு பாரையும் கடலில் உயிரோடு நீந்துவதை நினைத்து அவர் பெருமூச்சு விடுவார்.

விற்பனைக்கு இரண்டு பிக்கப் இருப்பதாகக் கேள்விப்பட்டார்கள். ஒன்று சரவணையில், ஒரு கடைக்காரருடையது. மற்றது புளியங்கூடலில், புகையிலை ஏற்றுகிற ஒருவருடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்த கையோடு இரண்டு சைக்கிளில் புறப்பட்டார்கள். நானும் வருவேன் என்று அழுது, அப்பாவின் சைக்கிள் பாரில் இடம் பிடித்தேன். அழுதால் நடக்கும் என்ற நம்பிக்கை எனக்கு அப்போது இருந்தது.

சரவணைக்காரரின் பிக்கப்பைக் கண்டதும் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. நீலமென்றால் அப்படி ஒரு நீலம். புதுப் பெயின்ற். கதவில் மஞ்சள் கோடு. உள்ளே கசற் போட்டுப் பாட்டுக் கேட்கிற பெட்டி. எல்லாவற்றுக்கும் மேலாக, இஞ்சினை மூடுகிற பொனற்றின் மேல் ஒரு பூனை சுருண்டு படுத்திருந்தது. வெள்ளையில் மண்ணிறத் திட்டுகள். நான் தடவியபோது கண்ணைத் திறக்காமலே வயிற்றைத் திருப்பிக் காட்டியது. மார்கழிக் குளிரில் என் விரல்கள் விறைத்திருந்தன. பூனையின் வயிற்றுக்கும் தகரத்துக்கும் நடுவில் கையை நுழைத்துக்கொண்டேன். அடுப்படியில் இருந்தது போலச் சுகமாக இருந்தது.

"வாங்கோ, வாங்கோ. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பாப்பம்" என்று சரவணைக்காரர் உபசரித்தார். நல்ல வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, வாய் நிறையச் சிரிப்பு. பெரியப்பாவுக்குத் தேத்தண்ணியில் அக்கறை இல்லை. ஸ்குறூ டிறைவரை இடுப்பில் இருந்து உருவினார். பூனையை நான் தூக்கிக்கொண்டேன்.

சாவியைத் திருப்பியதும் இஞ்சின் ஒரே அடியில் பிடித்தது. பெரியப்பா ஸ்குறூ டிறைவரை வைத்துக் கண்ணை மூடினார். பிறகு பின்னால் போய்ப் புகைக் குழாயில் உள்ளங்கையைப் பிடித்து மணந்து பார்த்தார். நீலப் புகை என்றால் ஒயில் குடிக்கிறது, கறுப்புப் புகை என்றால் சாப்பாடு செமிக்கவில்லை. இதில் இரண்டும் இல்லை. வேலணைச் சந்திவரை ஓடிப் பார்த்தோம். நான் நடுவில் இருந்தேன். கசற்றில் பாட்டுப் போனது. வழியில் எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒருத்தியாவது நின்று பார்க்கக் கூடாதா என்று இரண்டு பக்கமும் தேடினேன். ஒருத்தியும் இல்லை.

"இஞ்சின் பாடுது" என்றார் பெரியப்பா. அவர் வாயிலிருந்து வரக்கூடிய ஆகப் பெரிய புகழ்ச்சி அது.

திரும்பும் வழியில், பார்த்ததென்றாவது இருக்கட்டும் என்று புளியங்கூடலுக்கும் போனோம். அந்தப் பிக்கப்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. சாம்பல் நிறம். ஒரு கதவு மட்டும் பச்சை, வேறெங்கோ கழற்றிப் பூட்டியது. பொனற்றின் மேல் சாக்கு விரித்துப் பனங்கிழங்கைக் கிழித்து ஒடியலுக்குக் காயப்போட்டிருந்தார்கள். சொந்தக்காரர் மெலிந்த, சிரிக்காத மனுசன். சாக்கை இழுத்து ஒரு பக்கம் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினார். அதுவும் ஒரே அடியில் பிடித்தது. ஆனால் அதன் சத்தம் இருமல்காரக் கிழவனுடைய சத்தம்.

விலை சரவணைக்காரருடையதைவிட ஒன்பதினாயிரம் ரூபாய் கூட.

"உந்தக் கோலத்துக்கோ?" என்று அப்பா வாய்விட்டுக் கேட்டுவிட்டார்.

"கோலத்துக்கில்லை. போன வருஷம் இஞ்சின் முழுக்கக் கழட்டிச் செய்தனான். பற்றறியும் புதுசு. எடுக்கிறதெண்டால் எடுங்கோ, இல்லாட்டில் நான் ஓடுவன்" என்று சொல்லிவிட்டு அவர் ஒடியலை மறுபடி பரப்பத் தொடங்கினார்.

ஒன்பதினாயிரத்தை மீனாக மாற்ற அப்பாவுக்கு வீடு வரும்வரை எடுத்தது. மாற்றி முடித்ததும் சைக்கிளை நிறுத்திவிட்டு, "ஒரு வள்ளம் நிறையச் சூடை, அண்ணை" என்றார் மெதுவாக. நீலம்தான் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. மறுநாள் முற்பணம் கொடுப்பது என்றும் பேசிக்கொண்டார்கள்.

அன்று மத்தியானம் நண்டுக்கறி. குசினி வாசலில் அப்பாவும் பெரியப்பாவும் சாப்பிட இருந்தார்கள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மா பெரியப்பாவோடு நேரே பேசுவதில்லை. கோபம் எதுவும் இல்லை. புருஷனுடைய தமையன் என்ற மரியாதை. பெரியப்பாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் என்னிடம் சொல்லுவாள். அவர் மூன்றடி தள்ளி இருந்து கேட்டுக்கொண்டிருந்தாலும், நான் அதை ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் மறுமொழி சொல்லுவார். தபாற்கந்தோர் வேலை எனக்கு.

நான் நண்டுக் காலை உடைத்தபடி பூனையின் புகழ் பாடிக்கொண்டிருந்தேன். பிக்கப்போடு பூனையையும் தருவாரா என்பதுதான் என் ஒரே கவலை. "பொனற்றிலை என்ன வடிவாப் படுத்திருந்தது அம்மா! அதுக்குக் கீழை கையை வைச்சால் நல்ல கதகதப்பு."

அம்மாவின் கை சட்டியில் நின்றது.

"எத்தினை மணிக்கு?"

"நாங்கள் போன உடனை."

"முத்தத்திலை சில்லுத்தடம் கிடந்ததோ பிள்ளை?"

நான் யோசித்துப் பார்த்தேன். முற்றம் அப்போதுதான் கூட்டியிருந்தது. விளக்குமாற்றுக் கோடு வரிவரியாக, ஒரு சக்கரமும் படாமல், றோட்டுவரை அப்படியே கிடந்தது. அதில் என் காற்தடம் பதிவதைப் பார்த்துக்கொண்டே நடந்தது எனக்கு நல்ல ஞாபகம். சொன்னேன்.

"அப்ப பெரியப்பாட்டைக் கேள், வெய்யில் ஏறாத நேரத்திலை பூனை ஏன் குளிர்த் தகரத்திலை போய்ப் படுத்ததெண்டு."

"பெரியப்பா, பூனை ஏன்..."

"கேட்டது, கேட்டது" என்றார் பெரியப்பா. அவர் காது அன்றைக்கென்று நன்றாகத்தான் கேட்டது. நண்டை வைத்துவிட்டார். "நாங்கள் வாறமெண்டு முன்கூட்டியே ஸ்ராட் பண்ணிச் சூடாக்கி வைச்சிருக்கிறார். அதுக்கென்ன? வள்ளம் விக்கிறவனும் அப்பிடித்தான் செய்வான். வாற ஆளுக்குக் குளிர் இஞ்சினைக் காட்டுறது மரியாதையோ?"

உண்மையில் எங்கள் கரையில் அதுதான் வழக்கம். வள்ளம் வாங்க ஆள் வருகிறதென்றால் இஞ்சினைச் சூடேற்றி, ஓட வைத்துத்தான் காட்டுவார்கள். காலையில் வள்ளத்து இஞ்சின் பிடிக்கச் சோம்பிப் பஞ்சிப்பட்டால் ஒருவரும் அதைக் குறையாக எடுப்பதில்லை. கைபிடியைப் போட்டுச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் இருந்து வெற்றிலை போடுவார்கள், பிறகும் சுற்றுவார்கள். கடல் எங்கேயும் ஓடிவிடாது. போன இடத்தில் நிற்காமல் திரும்பி வந்தால் சரி. பெரியப்பா முப்பது வருஷம் அப்படித்தான் இஞ்சினைப் பார்த்தவர்.

"நாளைக்கு விடிய, சொல்லாமல் கொள்ளாமல் போகச் சொல்லு. நீயும் போ. நீ பூனையைப் பார்" என்றாள் அம்மா.

போனோம். நல்ல பனி. பொனற்றில் பூனை இல்லை. நான் வீட்டைச் சுற்றித் தேடிக்கொண்டு போனேன். குசினியில் அடுப்புச் சாம்பலுக்குள் மூக்கைப் புதைத்துப் படுத்திருந்தது. அதை எழுப்பித் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது சரவணைக்காரர் திருநீறும் இல்லாமல், தலை கலைந்து, சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிக்கப் இருமியது. முனகியது. கடைசியில் அந்த முனகலும் நின்றது.

"குளிருக்குக் கொஞ்சம் பஞ்சிப்படும்" என்றார் அவர், எங்கள் பக்கம் பாராமல்.

பெரியப்பாவும் அப்பாவும் பக்கத்து வீட்டுப் பெடியன் ஒருவனும் சேர்ந்து தள்ளினார்கள். முற்றத்தைத் தாண்டி றோட்டில் ஏறி, பாதித் தூரத்தில்தான் பிடித்தது. பிடித்த பிறகு பெரியப்பா ஓடிப்போய் ஸ்குறூ டிறைவரை வைத்துக் கேட்டார். மூச்சு வாங்கிக்கொண்டு தலையை ஆட்டினார். பழையபடி பாடியது.

அதனால் வீட்டில் வழக்கு முடியவில்லை. அன்று பின்னேரம் மறுபடி குசினி வாசல்.

"ஒளிச்சது பிழைதான், நான் இல்லையெண்டு சொல்லேல்லை" என்றார் பெரியப்பா. "ஆனால் இஞ்சின் சுத்தம். காலமை ஒருக்கால் தள்ளிவிட்டால் பின்னேரம்வரை ஓடும். அதுக்காக ஒன்பதினாயிரத்தைக் கொண்டுபோய் அந்தப் பச்சைக் கதவுக்காரனிட்டைக் குடுக்கிறதோ?"

அப்பா சூடை எண்ணினார். நானும் நீலத்தின் பக்கம் நின்றேன். "தள்ளலாம்தானே அம்மா, நானும் தள்ளுவன்" என்றேன். "கசற் இருக்கு. பூனையும் தரக்கூடும்."

"இவளே தள்ளுவாளாம்" என்று பெரியப்பா சிரித்தார். "தாயைப் போல பிள்ளை!"

அந்தச் சிரிப்புக்கு ஒரு கதை உண்டு. தம்பி பிறந்த வருஷம் ஒரு நாள், கடல் பக்கமிருந்து எங்கள் ஊருக்கு ஷெல் அடித்தார்கள். அப்பா மீனோடு பட்டினத்தில் அகப்பட்டுக்கொண்டார். பெரியப்பா கடலில். அம்மாவுக்கு நிறைமாதம், வலி வேறு கண்டுவிட்டது. அயலில் இருந்த ஒரு பழைய வானில் ஏற்றினார்கள். அது பிடிக்கவில்லை. தள்ள ஆளில்லை, ஓட்டுகிறவனைத் தவிர எல்லோரும் ஓடிவிட்டார்கள். அம்மா இறங்கி, வயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் தானே வானைத் தள்ளினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்து கால் மணித்தியாலத்தில் தம்பி பிறந்தான். இது எங்கள் வீட்டில் சிரிப்புக் கதை. விருந்தாளிகள் வந்தால் பெரியப்பா அம்மா தள்ளியதை நடித்துக் காட்டுவார். தம்பிக்கு 'வான்தள்ளி' என்று பட்டமும் வைத்திருந்தார். நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை அப்போது நான் பார்த்ததில்லை.

அன்று அம்மா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. தபாற்கந்தோரை மூடிவிட்டாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பெரியப்பாவின் முகத்தை நேரே பார்த்தாள்.

"ஒருக்கால் எல்லாரும் ஓடவேண்டி வந்தால், தள்ளுறதுக்கு ஆர் நிப்பினம்?"

பெரியப்பாவுக்கு இது பழக்கமில்லை. என்னைப் பார்த்தார், நான் திருப்பிச் சொல்லுவேனென்று. நான் அம்மாவைப் பார்த்தேன். அவருடைய சிரிப்பு முகத்தில் எங்கே போவதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றது.

"போற இடத்திலை நிண்டால் இறங்கி நடப்பம்" என்றாள் அம்மா. "வெளிக்கிடேக்கை வெளிக்கிடவேணும். எனக்கு அது காணும்."

உள்ளே போய்த் தன்னுடைய இரண்டு பொன் காப்பையும் கழற்றிக்கொண்டு வந்து அப்பாவின் மடியில் வைத்தாள். பிறகு என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். கழுத்தில் கை வைத்தபோதுதான் எனக்கு விளங்கியது. கோயிலில் முதல் நன்மை எடுத்தபோது என் ஞானத்தாய் போட்ட சங்கிலி. நான் கத்தினேன். காலை உதைத்தேன். அழுதால் நடக்கும் என்ற நம்பிக்கை அன்று பின்னேரம் ஐந்து மணியளவில் என்னைவிட்டுப் போனது. சங்கிலியில் இருந்த சின்னக் குருசை மட்டும் கழற்றி, கறுப்பு நூலில் கோத்து, திரும்பவும் என் கழுத்தில் கட்டிவிட்டாள்.

"பிறகு செய்விச்சுத் தருவன்."

"எப்ப?"

"பிறகு."

பச்சைக் கதவு வீட்டுக்கு வந்தது. புளியங்கூடல்காரர் சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துத்தான் சாவியைத் தந்தார். பெரியப்பா மாதா கோயிலில் இருந்து போத்தலில் கொண்டுவந்த தீர்த்தத்தைத் தெளித்தார். இரண்டு பக்கத்துப் பாதுகாப்பும் கிடைத்த வாகனம் எங்கள் கரையில் அது ஒன்றுதான் என்று அப்பாவுக்குப் பெருமை. மூன்று நாள் நான் அதில் ஏறவில்லை. நாலாம் நாள் மழை பெய்தது, பள்ளிக்கூடத்துக்கு ஏறிப்போனேன். ஆனால் பச்சைக் கதவைத் திறக்க மாட்டேன், மற்றப் பக்கத்தால் சுற்றிப் போய்த்தான் ஏறுவேன். கோபத்துக்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

உண்மையைச் சொன்னால் அது பொன்னான வாகனம். ஒருநாள் காலையாவது முரண்டு பிடித்ததில்லை. மீன் கண் மங்காமல் சந்தைக்குப் போனது. பெரியப்பா அதன் இருமலைப் பற்றி முணுமுணுத்துக்கொண்டே ஒயில் மாற்றிவிடுவார். அம்மா அதில் ஏறிப் போனது குறைவு. ஆனால் அவள் இரண்டு சட்டம் போட்டிருந்தாள். பிக்கப்பின் மூக்கு எப்போதும் றோட்டைப் பார்த்து நிற்க வேண்டும். டாங்கியில் டீசல் பாதிக்குக் கீழே இறங்கக் கூடாது. அப்பா களைத்து வந்து மூக்கை வீட்டுப் பக்கம் விட்டு நிறுத்திவிட்டால், திருப்பி விடும்வரை சோறு வராது.

"காலமை திருப்பினால் என்ன, கோதாரி?"

"காலமை காலமை. இப்ப திருப்புங்கோ."

அப்பா சிரித்துக்கொண்டே போய்த் திருப்புவார். அம்மாவுக்கு ஒழுங்கு பார்க்கிற வருத்தம் என்று நானும் நினைத்தேன். அலுமாரியில் சீலை மடிப்பதிலும் அவள் அப்படித்தான்.

அடுத்த ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கியது. டீசல் கடைகளில் இல்லாமல் போனது. அம்மா கட்டிலுக்குக் கீழே சாக்கால் மூடி ஒரு கான் நிறைய வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் அப்பாவுக்கே தெரியும். ஆவணியில் ஒரு காலமை, கிழக்கு வெளுத்த கையோடு, கடல் பக்கம் சத்தம் எழும்பியது. எங்கள் பக்கக் கடலில் நேவி நின்றது. வீட்டு வாசலில் வள்ளம் இருந்தும் அதை இறக்க ஏலாது. கடற்காரர் நாங்கள், றோட்டால் ஓட வேண்டி வந்தது.

அப்பா சாவியைத் திருப்பினார். ஒரே அடியில் பிடித்தது. மூக்கு றோட்டைப் பார்த்து நின்றது. பெரியப்பா குடும்பம், அயல் வீட்டுக் குடும்பம் என்று பின்னால் பதினாறு பேர் மீன் பெட்டி வைக்கும் இடத்தில் நெருக்கிக்கொண்டு இருந்தோம். பெரியப்பா ஸ்குறூ டிறைவரை இடுப்பில் செருகியிருந்தார். ஏன் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரிந்திராது.

சரவணையில் றோட்டோரம் அந்த நீலம் நின்றது. பொனற் திறந்திருந்தது. சரவணைக்காரர் கதவோரம் ஒரு கையால் ஸ்ரியறிங்கைப் பிடித்தபடியும், மனைவியும் மகளும் பின்னால் நின்றும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சனம் சைக்கிளிலும் நடையிலும் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஒருவரும் நிற்கவில்லை. அப்பா நிறுத்தினார்.

"ஏறுங்கோ ஐயா."

அவர் பிக்கப்பைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். அம்மா தம்பியை மடியில் இன்னும் இறுக்கி வைத்து அவருடைய மனைவிக்கு இடம் விட்டாள். நான்தான் கேட்டேன்.

"பூனை எங்கை?"

அவர் முகம் கறுத்துவிட்டது. பழைய கணக்கை எடுக்கிறோம் என்று நினைத்தார் போலும். பெரியப்பா அவசரமாக மற்றப் பக்கம் திரும்பினார். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். சத்தியமாக நான் பூனையைத்தான் கேட்டேன்.

அவருடைய மனைவிக்கு அது விளங்கியது. என் கையைப் பிடித்தாள். "வீட்டிலைதான் பிள்ளை. மீன் சோறு வைச்சிட்டு வந்தனான். ரெண்டு நாளிலை வந்திடுவமே."

இரண்டு நாளுக்கு ஒரு கோப்பைச் சோறு போதுமா என்று நான் அழத் தொடங்கினேன். துறை வரும்வரை அழுதேன். பெரியவர்கள் ஒருவரும் பூனைக்காக அழாதது எனக்குப் பெரிய அநியாயமாகப் பட்டது.

வேலணையில், அக்கரை அராலிக்கு வள்ளம் போகிற துறையில் றோட்டு முடிந்தது. வள்ளங்கள் சின்னன். ஆட்களை மட்டும்தான் ஏற்றினார்கள். பிக்கப்பை விட்டுவிட்டுப் போக வேண்டும். கரை முழுக்க விட்டுவிட்டுப் போன சைக்கிள்களும் வண்டிகளும். அப்பா நிறுத்திவிட்டு இறங்கி, பச்சைக் கதவைச் சாத்தினார். பெரியப்பா எங்களை ஒவ்வொருவராக வள்ளத்துக்குத் தூக்கி விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரில் முழங்கால்வரை இறங்கிவிட்ட அம்மா, தம்பியை இடுப்பில் வைத்தபடி, திரும்பி நின்றாள்.

"இஞ்சாருங்கோ. உதைத் திருப்பி விட்டிட்டு வாங்கோ."

பிக்கப்பின் மூக்கு கடலைப் பார்த்து நின்றது. வள்ளக்காரன் கத்தினான். பின்னால் சனம் நெருக்கியது. அப்பா வழக்கமாகச் சொல்லுகிற 'கோதாரி'யைச் சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. திரும்பிப் போய் ஏறி, ஸ்ராட் பண்ணி, அந்தச் சன நெரிசலுக்குள் முன்னுக்கும் பின்னுக்குமாக நாலைந்து தரம் எடுத்து, மூக்கை எங்கள் ஊர்ப் பக்கம் விட்டு நிறுத்தினார். பூட்டிச் சாவியைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தார்.

இப்போதும் நான் பழைய வாகனம் வாங்கப் போனால் முதலில் பொனற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். விற்கிற பெடியன்கள் சிரிப்பார்கள். அது சூடாக இருந்தால் நாளைக்கு விடிய வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சங்கிலி பிறகு ஒருபோதும் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் அன்றைக்கு அந்த வள்ளத்தில் எனக்கு அழுகை நின்றுவிட்டது. அம்மா திருப்பி நிறுத்தச் சொன்னாள் என்றால் திரும்பி வரத்தான் போகிறோம். எனக்கு அதில் ஒரு சந்தேகமும் இல்லை. வருகிற வழியில் சரவணையில் இறங்கிப் பூனையைப் பார்க்கலாம். வள்ளம் கரையை விட்டபோது அம்மா, அப்பா, பெரியப்பா, சரவணைக்காரர் எல்லோரும் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு ஊரில் நிற்போம், அதற்கு இன்னும் எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டு, முன்னுக்குப் பார்த்தபடி இருந்தேன்.